பசுமை மானியம் யார் கைக்குப் போகிறது?

சிங்கப்பூரில் பசுமை மானியம் என்று பேச்செடுத்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பருவநிலைப் பற்றுச்சீட்டுதான். 2024 ஏப்ரலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 300 வெள்ளி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அதோடு இன்னொரு 100 வெள்ளி சேர்த்தார்கள், தனியார் வீடுகளில் இருக்கும் சிங்கப்பூரர்களுக்கும் 400 வெள்ளி என்று விரித்தார்கள், 2027 கடைசி வரை பயன்படுத்தலாம். அதை வைத்து ஒரு மின்விசிறியோ நாலு எல்இடி விளக்கோ வாங்கிவிட்டு, சரி, அரசாங்கம் கொடுப்பது இவ்வளவுதான் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது மொத்தத்தில் ஒரு சின்னப் பங்கு. அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு காரியம் செய்தால் அதற்கொரு நிதி இருக்கிறது, கடைக்காரர் பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றினால் அதற்கொரு மானியம் இருக்கிறது, நடு வயதில் வேறு வேலைக்குப் படிக்கப் போனால் மாதாமாதம் கையில் பணம் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் பற்றுச்சீட்டு மாதிரி இவை வீடு தேடி வருவதில்லை. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கும், முதலில் தன் கைக்காசைப் போட்டுவிட்டுக் காத்திருக்க முடிந்தவருக்கும்தான் போய்ச் சேர்கின்றன. நம் ஆட்களில் நிறைய பேர் இந்த இரண்டு இடத்திலுமே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்து வருவது. அந்த எரிவாயு மலேசியாவிலிருந்தும் இந்தோனீசியாவிலிருந்தும் குழாயில் வருகிறது, மிச்சம் கப்பலில் திரவமாக வந்து ஜூரோங் தீவில் இறங்குகிறது. நாடு வெளியிடும் கரிம வாயுவில் 40 விழுக்காடு அளவுக்கு மின்துறையிலிருந்து வருகிறது. 2019ல் கரிம வரி வந்தபோது டன்னுக்கு 5 வெள்ளி, 2024ல் 25 வெள்ளி, 2026ல் 45 வெள்ளி, 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியிடும் ஆலைகளும் மின்நிலையங்களும்தான் வரியைக் கட்டுகின்றன, ஆனால் மின்நிலையம் கட்டும் வரி கடைசியில் நம் பில்லில்தானே வந்து உட்காரும். டன்னுக்கு 25 வெள்ளி என்றால் நாலறை வீவக வீட்டுக்கு மாதம் 4 வெள்ளி அளவு கூடும் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது, அதை ஈடுகட்ட யூ-சேவ் என்ற பயனீட்டுக் கட்டணக் கழிவும் கொடுத்தது. அந்த வரிப் பணம் தொழில்களும் குடும்பங்களும் இந்த மாற்றத்தைத் தாங்குவதற்கு உதவும் என்பதுதான் அரசாங்கம் சொல்லிவரும் நியாயம். ஆகவே பசுமை மானியத்தை யாரோ போடும் தருமமாக நினைத்துக் கூச்சப்படத் தேவையில்லை. வரி விலையை ஏற்றுகிறது, மானியம் அதிலிருந்து தப்பிக்க வழி கொடுக்கிறது. வரி எல்லாருக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. மானியம் அப்படிச் சேர்வதில்லை என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

பலர் ஆசையோடு கேட்பது சூரியசக்தியைப் பற்றி. எங்கள் புளோக்கில் எல்லாரும் சேர்ந்து கூரையில் தகடு போட்டால் அரசாங்கம் உதவுமா என்று கேட்பார்கள். உதவாது, காரணம் இருக்கிறது. சிங்கப்பூர் எரிசக்திக்கு நேரடிச் சலுகை கொடுப்பதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. வேறு நாடுகளில் வீட்டுக்கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தைச் சந்தை விலைக்கு மேல் கொடுத்து அரசே வாங்குவதுபோல் இங்கே கிடையாது. அதற்குப் பதிலாக மொத்தமாகக் கொள்முதல் செய்யும் வழியை எடுத்தார்கள். 2014ல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீவகவும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் ஆயிரக்கணக்கான புளோக்குகளின் கூரைகளை ஒன்றாகச் சேர்த்து ஏலம் விட்டன. தகட்டைப் போட்டு, சொந்தமாக வைத்து, பராமரிப்பது தனியார் நிறுவனம். அதில் வரும் மின்சாரத்தை, புளோக்கின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றம் வாங்குகிறது. பகலில் மின்தூக்கி, தண்ணீர்ப் பம்பு, நடைபாதை விளக்கு இதற்கெல்லாம் அது போகிறது, மிஞ்சினால் மின்கட்டமைப்புக்குப் போகிறது. நம் வீட்டு மீட்டருக்கும் தலைக்கு மேல் இருக்கும் தகட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

பணத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வழி என்று பார்த்தால் இதில் குறை சொல்ல முடியாது. கூரையும் நீர்த்தேக்கமும் தவிர நமக்கு வேறு இடமும் இல்லை. 2021ல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 45 ஹெக்டர் பரப்பில் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் தகடுகளை மிதக்கவிட்டு 60 மெகாவாட் எடுக்கிறார்கள். அரசாங்கத்தின் பசுமைத் திட்டம் 2030ல் சொன்னபடி குறைந்தது 2 கிகாவாட் வந்தால்கூட, 2030ல் நமக்குத் தேவைப்படும் மின்சாரத்தில் 3 விழுக்காடு அளவுதான் தேறும். ஆனாலும் ஒன்று இழக்கிறோம். குடியிருப்பாளருக்கு அதில் பங்கு இல்லை, முடிவெடுக்கும் இடமும் இல்லை. தலைக்கு மேல் ஒரு மின்நிலையம் ஓடுகிறது, கீழே இருப்பவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே சமூகத் தூய எரிசக்தி என்ற பெயரில் தகடு போட மானியம் தேடினால் இங்கே நேரம் வீண். சமூகத்துக்கென்று இருக்கும் பணம் வேறு பக்கம் இருக்கிறது.

அது எஸ்ஜி ஈக்கோ ஃபண்ட். நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு நடத்துவது. 2020ல் 50 மில்லியன் வெள்ளியோடு அறிவித்தார்கள். இரண்டு கதவுகள் உண்டு. ஸ்பிரௌட் என்ற சிறிய வகையில் 10,000 வெள்ளி வரை கேட்கலாம், பெரிய வகையில் ஒரு மில்லியன் வெள்ளி வரை போகலாம். சங்கம், பள்ளி, அடித்தளக் குழு, தன்னார்வலர் குழு, தனி ஆள்கூடக் கேட்கலாம். நிறுவனமும் கேட்கலாம், ஆனால் லாப நோக்கம் இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் நடக்க வேண்டும், சுற்றுப்புறத்துக்குப் பலன் இருக்க வேண்டும், ஆட்கள் பங்கெடுக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் பல விண்ணப்பங்கள் வலுவிழக்கும் என்பது என் அபிப்பிராயம். ஒரு இயந்திரத்தை வாங்கி வைப்பதற்கு இந்த நிதி இல்லை. அந்த இயந்திரத்தைச் சுற்றி யார் வருவார்கள், எத்தனை வீடுகள் சேரும், நிதி முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான் அது கேட்கிறது.

உணவுக் கழிவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் சமையலறைக்கு மிக நெருக்கமானது அதுதான். 2023ல் சிங்கப்பூரில் 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது, அதில் மறுபயன்பாட்டுக்குப் போனது 18 விழுக்காடு மட்டுமே. மீதி எரியுலைக்குப் போய்ச் சாம்பலாகிக் கப்பலேறி செமக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. 1999ல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று சொல்கிறார்கள், இன்னொரு தீவுக்கு நாம் எங்கே போவது? இந்த நிலைமையில் ஒரு புளோக்கில் இருபது வீடுகள் சேர்ந்து, கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் எருக்குழி வைக்கிறோம் என்று கிளம்பினால் அது ஸ்பிரௌட் வகைக்கு நன்றாகவே பொருந்தும். 2005ல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் இப்போது 2,000 தோட்டங்களுக்கு மேல் இருக்கின்றன. பலவற்றில் கறிவேப்பிலையும் முருங்கையும் வெண்டையும் நம்மவர்கள் வைத்தவைதான், எரு தேவைப்படும் இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

ஆனால் எருக்குழியைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதுவது ஒன்று, கீழே நின்று நடத்துவது இன்னொன்று. காய்கறித் தோல், தேயிலைத் தூள், முட்டை ஓடு, துருவிய தேங்காய்ச் சக்கை எல்லாம் போடலாம். சக்கை நாளாகும், வாழை இலையை அப்படியே மடித்துப் போட்டால் அதுவும் நாளாகும், கத்தரியால் சின்னச் சின்னதாக நறுக்கித்தான் போட வேண்டும். குழம்பு ஊற்றிய சோறும் மீன் முள்ளும் போடவே கூடாது, எலி வந்துவிடும். எலி வந்தால் அடுத்த நாளே நகர மன்றத்துக்குப் புகார் போய்விடும், அதோடு திட்டம் முடிந்தது. ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு போட்டு மூடினால் வாடை அடங்கும். அந்தச் சருகை யார் கூட்டி வைப்பது, மழையில் நனையாமல் எங்கே வைப்பது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே எழும் கேள்விகள். பலரும் மறந்துவிடும் ஒரு பொருள் தராசு. குழிக்குப் பக்கத்தில் ஒரு தொங்கு தராசும், நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டும் இருக்க வேண்டும். வாளியை மாட்டி, எடையைப் பார்த்து, வீட்டு எண்ணோடு எழுதிவிட்டுத்தான் கொட்ட வேண்டும். அந்த நோட்டு இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அமைச்சுக்குக் காட்ட எதுவும் இருக்காது. எவ்வளவு கழிவைத் தடுத்தீர்கள், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேட்கும்போது சுமாராக இவ்வளவு இருக்கும் என்று சொன்னால் செல்லாது. இருபது வீட்டு அம்மாக்களிடமும் எடை எழுதும் பழக்கத்தைக் கொண்டுவருவதுதான் இதில் உண்மையான வேலை. தொட்டி வாங்குவது ஒரு மதிய வேலை.

கோயில்களுக்கும் இது பொருந்தும். அன்னதானம் நடக்கும் இடத்தில் கழிவு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி சேர்கிறது. வீடு வீடாக வாங்குவதைவிட அது எவ்வளவோ எளிது. தொண்டூழியர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அங்கே சைவ உணவு என்பதால் மீன் இறைச்சித் தொல்லையும் இல்லை, எண்ணெயும் சமைத்த சோறும்தான் சிக்கல், அதைத் தனியாகப் பிரித்து மூடிய இயந்திரத்தில் போட வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் நூற்றுக்கணக்கானவர்கள் வந்துபோகும் இடத்தில் தமிழிலேயே ஒரு பலகை வைத்து, இலையை இதில் போடுங்கள், மிச்சத்தை அதில் போடுங்கள் என்று சொல்லிப் பழக்குவதைவிட நல்ல சமூகப் பங்கேற்பு எங்கே கிடைக்கும்?

அப்புறம் கடைகள். நிறுவனங்களுக்கு உதவும் அரசு அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூர் 2022ல் கொண்டுவந்த எரிசக்திச் சிக்கன மானியம் முதலில் உணவுக் கடை, உணவு உற்பத்தி, சில்லறை வணிகம் ஆகியவற்றுக்குத்தான் வந்தது, 2024ல் உற்பத்தித் துறை, கட்டுமானம், கடல்துறை, தரவு நிலையம் என்று விரிந்தது. சிறிய, நடுத்தர நிறுவனம் என்றால் செலவில் 70 விழுக்காடு வரை கிடைக்கும். அடிப்படை நிலையில் ஒரு நிறுவனத்துக்கு 30,000 வெள்ளி உச்சவரம்பு, அதற்கு மேல்நிலையில் 350,000 வெள்ளி வரை போகலாம். எல்இடி விளக்கு, குளிரூட்டி, குளிர்பதனப் பெட்டி, சமையல் அடுப்பு, வெந்நீர்ச் சாதனம் போன்றவை முன்கூட்டியே ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கும், அதிலிருந்து வாங்க வேண்டும்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டுக்குள் போய்ப் பாருங்கள். தோசைக்கல்லுக்கும் பிரியாணி அண்டாவுக்கும் ஆறடி தள்ளி, சுவரோடு ஒட்டி, காற்றுப் புக இடமில்லாமல் நாலு கதவு குளிர்பதனப் பெட்டி நிற்கும். கதவு ரப்பர் ஓரத்தில் கிழிந்து, டேப் ஒட்டியிருக்கும். கீழே தண்ணீர் சொட்டாமல் இருக்க ஒரு துணி. உள்ளே சுருள் மேல் விரல் கனத்துக்குப் பனி படிந்திருக்கும். கம்ப்ரசர் நிற்கவே நிற்காது, இரவு கடை சாத்திய பிறகும் ஓடிக்கொண்டேயிருக்கும். மாற்றலாமே அண்ணே என்றால், ஓடுகிற வண்டியை ஏன் தம்பி மாற்றணும் என்பார் முதலாளி. இந்த மானியம் குறிவைப்பது சரியாக அந்தப் பெட்டியைத்தான். ஆனால் அது அந்தக் கடைக்கு ஏன் வரவில்லை என்று பார்த்தால் மூன்று முட்டுக்கட்டைகள் தெரிகின்றன.

ஒன்று, வரிசை. பெட்டி கெட்டுப்போனால் கடைக்காரர் அன்றைக்கே புதிதை வாங்குவார், கறியும் பாலும் காத்திருக்குமா? ஆனால் மானியத்துக்கு முதலில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். வாங்கிவிட்டு ரசீதோடு போய் நின்றால் கிடைக்காது. ஆகவே இது கெட்டுப்போவதற்கு முன்பே யோசிக்கிறவருக்கான மானியம். இரண்டு, கைப்பணம். 6,000 வெள்ளிப் பெட்டி என்றால் 4,200 வெள்ளி மானியம் என்று கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முழு 6,000 வெள்ளியையும் முதலில் கட்டி, பொருத்தி, ரசீதும் பணம் கட்டிய சான்றும் கொடுத்த பிறகுதான் அந்த 4,200 திரும்பி வரும். வாடகையும் சம்பளமும் கட்டும் வாரத்தில் அந்த இடைவெளியைத் தாங்க எல்லாராலும் முடியாது. மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அது வாடகை ஒப்பந்தம். பழைய கடைவீட்டில் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர், சுவரோடு பதித்த குளிரூட்டியை மாற்ற ஏன் தன் பணத்தைப் போடுவார்? அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை ஏறினால் கிளம்ப வேண்டியிருக்கலாம். மின்கட்டணம் கட்டுவது வாடகைக்காரர், சாதனம் கட்டட உரிமையாளருடையது, மிச்சமாகும் பணம் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு. மானியம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்த முடிச்சை அது அவிழ்ப்பதில்லை.

சொல்லப்போனால், ஏழைக் குடும்பங்களுக்கு இந்த முன்பணச் சிக்கலை அரசாங்கமே ஒருமுறை அழகாகத் தீர்த்திருக்கிறது. 2020 நவம்பரில் ஒன்று முதல் மூன்றறை வீவக வீடுகளுக்கென்று தொடங்கிய பருவநிலைக்கு உகந்த குடும்பங்கள் திட்டத்தில் மின்சிக்கனத்துக்கு மூன்று டிக் பெற்ற குளிர்பதனப் பெட்டிக்கு 150 வெள்ளி, குளியல் ஷவர் சாதனத்துக்கு 50, எல்இடி விளக்குக்கு 25 என்று 225 வெள்ளி கொடுத்தார்கள். பற்றுச்சீட்டு என்பதால் கடையிலேயே விலை குறைந்துவிடும். முதலில் முழுப் பணம் கட்டி, படிவம் நிரப்பி, வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அதே வடிவம்தான் பிறகு எல்லா வீடுகளுக்கும் விரிந்தது. வீட்டுக்கு முடிந்தது, நாலு மேசை போட்ட கடைக்கு ஏன் முடியாது?

அடுத்தது வேலைப் பயிற்சி. 2021 டிசம்பரில் திறன் பயிற்சியைக் கவனிக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அமைப்பு வெளியிட்ட திறன் தேவை அறிக்கை, வரும் ஆண்டுகளில் வேலை பெருகும் துறைகளாக மூன்றைச் சொன்னது. மின்னிலக்கம், பராமரிப்பு, பசுமை. பணமும் இருக்கிறது. 25 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு 500 வெள்ளி, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 மே முதல் 4,000 வெள்ளி. 40க்கு மேற்பட்டவர்களுக்குப் பல படிப்புகளில் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கழிவு. அவர்களே 2025லிருந்து தேர்ந்தெடுத்த முழுநேரப் படிப்புக்குப் போனால் சம்பளத்தின் சராசரியில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, 24 மாதங்கள் வரை உதவித்தொகை. வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டத்தில் புது வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கே பயிற்சிக் காலச் சம்பளத்தில் 70 விழுக்காடு, மூத்த ஊழியரென்றால் 90 விழுக்காடு வரை அரசாங்கம் கொடுக்கிறது. இவ்வளவு இருந்தும் பசுமை வேலை என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது கரிமக் கணக்கு, நீடித்த நிலைத்தன்மை அறிக்கை என்று மேசை வேலைக்கான படிப்புகள்தான். தேவையானவைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் சமூகத்தில் நிறைய பேர் மின்சாரம், குளிரூட்டிப் பழுதுபார்ப்பு, கட்டடப் பராமரிப்பு என்று கையால் செய்யும் வேலையில் இருக்கிறார்கள். 2030க்குள் 60,000 மின்வாகனச் சார்ஜர் வைக்க வேண்டும் என்று இலக்கு இருக்கிறதே, அவற்றைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் யார்? குளிரூட்டியைச் சரியாகச் சுத்தம் செய்து வாயுக் கசிவை அடைக்கும் ஆள் செய்வதும் பசுமை வேலைதான். பதினைந்து ஆண்டு வயரிங் செய்த ஒருவர் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளராக ஆனால் அவர் வருமானம் மாறும், வேலையின் தரமும் மாறும். அவருக்குத் தடையாக இருப்பது பல நேரங்களில் கட்டணம் இல்லை. இரவு வேலை, ஆங்கிலத்தில் தேர்வு, எந்தப் படிப்பு எந்த உரிமத்துக்குக் கொண்டுபோகும் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமை, இவைதான்.

சமூக நிதியும் பயிற்சிப் பணமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈக்கோ ஃபண்ட் ஓர் அமைச்சு, கடை மானியம் இன்னொன்று, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேறொன்று. விண்ணப்பிக்கும் இணையத்தளமும் வேறு வேறு. ஒரு பேட்டையில் கழிவுத் திட்டம் நடத்தி, அங்கேயே இருக்கும் பத்துப் பேருக்குக் கழிவு நிர்வாகத்தில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்து வேலையில் சேர்க்க நினைத்தால் இரண்டு கதவைத் தட்ட வேண்டும். அமெரிக்காவில் இதை ஒரே மானியமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். மாசுபட்ட பழைய தொழிற்சாலை நிலங்களுக்குப் பக்கத்தில் வசிக்கிறவர்களுக்கே அந்த நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலையைக் கற்றுக்கொடுக்க அந்நாட்டுச் சுற்றுப்புறப் பாதுகாப்பு முகவை 1998லிருந்து மானியம் கொடுத்துவருகிறது. 2022ல் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் சுற்றுப்புற, பருவநிலை நீதிக்கென்று 3 பில்லியன் டாலரும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சூரியசக்தி கொண்டுபோக 7 பில்லியன் டாலரும் ஒதுக்கினார்கள். ஆட்சி மாறியதும் 2025ல் அந்தச் சூரியசக்தித் திட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள், சமூக மானியங்கள் பலவும் அப்படியே போயின. ஆள் எடுத்து, திட்டம் தீட்டி உட்கார்ந்திருந்த சின்னச் சின்ன அமைப்புகள் நடுவில் நின்றன. நம் ஊரில் தொகை சிறியது, ஆனால் சொன்னது நடக்கும் என்ற உறுதி இருக்கிறது. அந்த உறுதி இருக்கும்போது இரண்டு கதவையும் ஒன்றாக்குவது அவ்வளவு பெரிய காரியமாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மனம் கனப்பது இன்னொரு இடத்தில். கூரைத் தகட்டை உண்மையில் தூக்கிக்கொண்டு ஏறுவது யார்? வெயிலில் பாதுகாப்புக் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு கூரையில் சட்டத்தை முடுக்கும் அந்தக் கைகளில் பல, தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வேலை அனுமதிச் சீட்டில் வந்த தம்பிகளுடையவை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் குடிமக்களுக்கு, கட்டணக் கழிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். இவர்களுக்கு இல்லை. குடிமக்கள் வரிப் பணம் குடிமக்களுக்கு என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. இவர்களின் பயிற்சியை நகர்த்துவது, வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வைதான். கட்டுமானத் துறையில் 2024லிருந்து அடிப்படைத் திறன் ஊழியருக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும், உயர்திறன் ஊழியர் என்றால் 500 வெள்ளிதான். அந்த 400 வெள்ளி வித்தியாசம்தான் முதலாளியைத் தேர்வுக்கு அனுப்ப வைக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் மிச்சமாகும் 400 வெள்ளி முதலாளிக்கு. தேர்ச்சி பெற்றவரின் சம்பளம் அதே அளவு ஏற வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. உயரத்தில் வேலை செய்வதற்கான 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம், அதாவது விழாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறோம். தகட்டை இணைப்பதையும் சோதிப்பதையும் பழுது கண்டுபிடிப்பதையும் சான்றிதழோடு கற்றுக்கொடுத்தால் அவர் ஊருக்குப் போனாலும் அது அவரோடு போகும். எஸ்ஜி ஈக்கோ ஃபண்ட் கேட்பது சமூகப் பங்கேற்பு. ஒரு தமிழ் அமைப்பு ஊழியர் தங்குவிடுதியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றை மையமாக வைத்து விண்ணப்பம் எழுதலாமே. விடுதியில் இருக்கிறவர்களும் இந்த ஊரில்தான் சமைக்கிறார்கள், மின்சாரம் பயன்படுத்துகிறார்கள், குப்பை போடுகிறார்கள்.

மாற வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. 10,000 வெள்ளிக்குக் கீழ் உள்ள விண்ணப்பங்களைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதிக் கொடுக்க விட வேண்டும், மதிப்பிடுகிறவர் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். சின்னக் கடைகளுக்கு எரிசக்திச் சிக்கன மானியத்தை அனுமதி கிடைத்ததும் விற்பவருக்கே நேரடியாகக் கட்டிவிட்டு, கடைக்காரர் தன் 30 விழுக்காட்டை மட்டும் கொடுக்கும்படி செய்ய வேண்டும். கெட்டுப்போன குளிர்பதனப் பெட்டிக்கென்று சில நாளில் பதில் சொல்லும் அவசர வழி ஒன்று வேண்டும். நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. சமூக மன்றத்திலோ கோயில் மண்டபத்திலோ மாதம் ஒரு சனிக்கிழமை, கார்ப்பாஸ் என்ற நிறுவனங்களுக்கான அரசு இணையக் கணக்கைத் திறக்கத் தெரிந்த, மானியப் படிவம் நிரப்பிப் பழகிய நாலு இளைஞர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்தால், கடந்த மூன்று மாத மின்கட்டண பில்லையும் பெட்டியின் மாடல் எண்ணையும் கொண்டுவாருங்கள் என்று கடைக்காரர்களிடம் சொன்னால், அந்த ஒரு மதியத்தில் எத்தனையோ கடைகள் வரிசைக்குள் வந்துவிடும். சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் முனைப்பில் பாதி இதற்குப் போதும்.

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். ஸ்பிரௌட் வகையில் ஆரம்பியுங்கள், தராசையும் நோட்டையும் செலவுப் பட்டியலில் முதல் வரியில் எழுதுங்கள், எந்த இடத்தில் வைக்கப்போகிறீர்களோ அந்த நகர மன்றத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டு விண்ணப்பத்தோடு இணையுங்கள். கடைக்காரர்களே, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பியுங்கள். 2026, 2027 இரண்டு ஆண்டும் கரிம வரி டன்னுக்கு 45 வெள்ளி, அதற்கப்புறம் இன்னும் மேலே.